ஜனவரியை விட்டுத்தராதவர்

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் விசுவாசி என்று ஒரு பிராணி உண்டு. எங்கள் டொமினிக்க நாட்டில் எல்லா ஊரிலும் காணப்படும். துறைமுக ஊர்களில் கொஞ்சம் கூடுதல். வெயிலுக்கு வாடாது, மழைக்கு ஒதுங்காது, புயலில் கூரை போனாலும் பிழைத்துக்கொள்ளும். அக்டோபரில் பேஸ்பால் பருவம் தொடங்கும்போது விழித்தெழுந்து, நவம்பர் இரண்டாம் வாரத்தில் தன் அணி செத்துவிட்டதாக ஊருக்கு அறிவித்து, டிசம்பரில் ஒருவேளை மூச்சு இருக்கிறதோ என்று தோண்டிப் பார்த்து, ஜனவரியில் அடுத்த ஊர்க்காரன் பட்டாசு வெடிப்பதை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்து, மீதி எட்டு மாதமும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். இதில் ஒன்றை நான் முப்பத்தொரு வருடமாக வீட்டில் வைத்துச் சோறு போடுகிறேன்.

பெயர் எவாரிஸ்தோ. என் கணவர். தொழில், ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பது. தொழிலில் ஈவிரக்கம் கிடையாது. பதினைந்து வருடம் உழைத்த ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்பார். “கம்ப்ரஸர் போச்சு. வெளிய தள்ளுங்க,” என்பார். வீட்டுக்காரம்மா கண்ணைக் கசக்கினாலும் மனம் இரங்க மாட்டார். அதே மனிதர், பதினோரு வருடமாகக் குளிராத ஓர் அணியின் முதுகில் காதை வைத்தபடி, “இல்ல நுரிஸ், உள்ள ஏதோ ஓடுது, கேளு,” என்கிறார். நான் என்னத்தைக் கேட்க?

அணியின் பெயர் சீலாக்கள். சீலா என்பது பல்லைக் காட்டிக்கொண்டு பாயும் மீன். எங்கள் சீலாக்கள் பல்லைக் காட்டுவதோடு சரி. ஆறு அணிகள் மோதும் போட்டியில் பதினோரு வருடமாக ஐந்தாவது, இல்லாவிட்டால் ஆறாவது. முதல் நான்கு அணிகள்தான் ஜனவரி ஆட்டங்களுக்குப் போகும். ஆகவே எங்கள் ஊரில் ஜனவரி மாதம் என்பது பள்ளி விடுமுறை மாதிரி. எல்லோரும் சும்மா இருப்போம், சந்தோஷம் மட்டும் இருக்காது.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறீர்களா? முதல் அடையாளம், அவர் ஆட்டம் பார்ப்பதில்லை. இனிப் பார்ப்பதில்லை என்று நவம்பரில் சத்தியம் செய்துவிட்டார் அல்லவா? ஆகவே தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, பின்முற்றத்தைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சி எனக்காக ஓடுகிறது. சத்தத்தைக் கூட்டி வைப்பதும் எனக்காக. நான் அடுப்படியிலிருந்து அவர் கழுத்தைப் பார்த்தே ஸ்கோர் சொல்லிவிடுவேன். பின்னங்கழுத்து சிவந்திருந்தால் இரண்டு ஓட்டம் பின்னால், காது மடல் வரை ஏறிவிட்டால் ஐந்து.

இரண்டாவது, இலக்கணம். ஜெயித்தால் “ஜெயிச்சோம்.” தோற்றால் “தோத்தானுங்க.” பதினோரு வருடத்தில் தன்மைப் பன்மையை அவர் உபயோகித்த நாட்கள் மிகக் குறைவு.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. தன் ஆட்டக்காரர்களை அவர் திட்டுவது போல எதிராளி கூடத் திட்ட முடியாது. வெளிநாட்டிலிருந்து கூட்டிவந்த பந்தெறிபவனுக்கு வாழைக்காய் மசியல் ஒத்துக்கொள்ளாமல் மூன்றாம் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினால், அவன் தாத்தா வரைக்கும் போவார். எங்கள் ஊர்ப் பிள்ளை ஹோவான்ட்ரி அருமையாகப் பந்தெறிகிறான். ஆனால் வடக்கே அமெரிக்காவில் அவனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் கிளப், குளிர்காலத்தில் ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்துக்கு மேல் கையை அசைக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறது. ஐந்தாவது முடிந்ததும் பையன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவான். “இன்னும் நாலு இன்னிங்ஸ் யாரு, உங்க அம்மாவா போடுவா?” என்பார் எவாரிஸ்தோ, பின்முற்றத்து வாழைமரத்தைப் பார்த்து. சரி, இப்படித் திட்டுகிறாரே என்று முடிதிருத்தும் கடையில் வேறு அணிக்காரன் ஒருவன் தலையாட்டி, “ஆமாங்க, உங்க ஷார்ட்ஸ்டாப்ல நிக்கறவன் சுத்த தண்டம்,” என்று சொல்லிவிட்டான். பாதித் தலை வெட்டியபடியே எழுந்து வந்துவிட்டார். “அவன் தண்டம்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அவன் யாரு?”

நான்காவது, அந்த வருடம். இந்தப் பிராணிகள் எல்லாவற்றுக்கும் ஓர் ‘அந்த வருடம்’ உண்டு. எங்கள் வீட்டில் அது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். சீலாக்கள் கோப்பையை வாங்கிய நிமிடத்தில் நான் கூடத்தில் இவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேனாம். அவ்வளவுதான், அதிலிருந்து முக்கியமான ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தால் நான் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க வேண்டும். சட்டைகள் தீர்ந்தால் மேசைவிரிப்பு. அதுவும் தீர்ந்தால் திரைச்சீலை. ஒரு வருடம் கையில் ஒன்றுமே இல்லாமல் வெறும் பலகையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். நாட்டில் எங்கள் வீட்டுத் துணிகள் போல மடிப்புக் கலையாத துணிகள் கிடையாது. அணி மட்டும்தான் கசங்கிக் கிடக்கிறது.

ஐந்தாவது, தொப்பி. டிசம்பரில் அணி வெளியேறியதும் தொப்பியைக் கழற்றி, தெருவில் அவகாடோ விற்கும் மெல்கியாதெஸின் தலையில் வைத்துவிட்டு, “எனக்கும் இவனுங்களுக்கும் இனி ஒண்ணும் இல்ல,” என்று உள்ளே வந்துவிடுவார். அக்டோபரில் போய்த் திருப்பிக் கேட்பார். மெல்கியாதெஸுக்கும் இது பழகிவிட்டது; துவைத்து வைத்திருப்பான்.

இதையெல்லாம் நான் வியாதி என்றும் சொல்லவில்லை, குற்றம் என்றும் சொல்லவில்லை. குடிக்கிறாரா? இல்லை. சேவல் சண்டைக்குப் போகிறாரா? இல்லை. ஆனால் இந்த முறை விஷயம் எங்கள் மகள் யொகாய்ராவின் கல்யாணத்தில் வந்து நின்றது.

யொகாய்ராவுக்கு நிச்சயித்திருந்த வாஸ்கார் சுற்றுலாக் கப்பலில் சமையல்காரன். நல்ல பிள்ளை. வருடத்தில் ஒரு தடவைதான் கரை இறங்குவான். இந்தத் தடவை ஜனவரி பத்திலிருந்து இருபத்தாறு வரை. அதை விட்டால் இன்னும் பதினோரு மாதம். அதற்குள் வரும் சனிக்கிழமைகள் இரண்டு. முதல் சனிக்கிழமை கோயிலில் வேறு ஜோடிக்குப் போய்விட்டது. இருந்தது இருபதாம் தேதி. நவம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டில், அணியின் மரணத்தை எவாரிஸ்தோ அறிவித்து முடித்த கையோடு, யொகாய்ரா அவருக்கு இன்னொரு கரண்டி அவரைக் குழம்பை ஊற்றினாள்.

“அப்பா, டீம் செத்துப்போச்சுன்னு இப்ப நீதானே சொன்னே?”

“செத்துத்தான் போச்சு. அடக்கம் பண்றதுதான் பாக்கி.”

“அப்ப ஜனவரி இருபது நீ சும்மாதான் இருப்பே. கல்யாணத்தை அன்னைக்கு வெச்சுக்கறோம்.”

எவாரிஸ்தோ ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“இருபதாம் தேதி ஃபைனல் நடந்துட்டிருக்குமே.”

“நடக்கும். மத்தவங்களுக்கு.”

“அதில்லம்மா. திங்கக்கிழமை வெச்சுக்கலாம். திங்கக்கிழமை ஆட்டம் கிடையாது.”

“திங்கக்கிழமை யாருப்பா கல்யாணம் பண்ணுவாங்க?”

“டாக்டரைப் பாக்க திங்கக்கிழமை போறாங்க, பல்லைப் பிடுங்க திங்கக்கிழமை போறாங்க. கல்யாணம் மட்டும் ஏன் கூடாது?”

“எவாரிஸ்தோ,” என்றேன் நான், “ஒண்ணு, டீம் செத்துப்போச்சு. இல்லன்னா ஜனவரி வேணும். ரெண்டுல ஒண்ணைச் சொல்லு.”

அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். இந்த இனத்தை ஆராய்பவர்களுக்கு உதவும். “செத்துப்போச்சுன்னு நான் சொல்றது வேற. அதை நம்பி நாள் குறிக்கறது வேற.”

அன்றிலிருந்து இழுபறி. பாதிரியார் பெனீனோ, டிசம்பர் பதினெட்டு திங்கட்கிழமைக்குள் பெண்ணின் தகப்பனார் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருபதாம் தேதியைக் காத்திருக்கும் வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். எவாரிஸ்தோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன் வாயால் அந்தத் தேதிக்குச் சம்மதித்தால் அது எப்படியாவது ஆட்டக்காரர்கள் காதுக்குப் போய், அவர்கள் மனம் விட்டுவிடுவார்களாம். என்னமோ அதுவரை மனம் வைத்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் மாதிரி. யொகாய்ராவும் லேசில் விடுகிற பெண் இல்லை, யார் பெண்? “அப்பா கையைப் பிடிச்சுத்தான் நான் கோயிலுக்குள்ள நடப்பேன். அவர் வரலன்னா நானும் வரல. வாஸ்கார் கப்பலுக்குப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருடம் வரை அந்தப் பிள்ளை காத்திருப்பானா? கப்பலில் சமைக்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள்தானா? அவள் கேட்கவில்லை. ராத்தூக்கம் கெட்டது எனக்கு.

அப்போதுதான் அந்த அணி எங்களுக்குச் செய்யாத கொடுமை ஒன்று பாக்கியிருந்ததை நினைத்துக்கொண்டது போல, ஜெயிக்க ஆரம்பித்தது.

முதல் வெற்றியை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவதைத் தற்செயல் என்றோம். மூன்றாவதன்று எவாரிஸ்தோவின் நாற்காலி கால்வட்டம் திரும்பியது. ஐந்தாவதன்று மூலைக்கடையில் வாங்கிய ரொட்டிக் காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்: நாம் இதை ஜெயித்து, இவர்கள் அவர்களிடம் தோற்று, அவர்கள் மழையால் ஆடாமல் போனால். ஆறாவதன்று வானொலியில் நேயர் நிகழ்ச்சிக்குப் போன் செய்து நாற்பது நிமிடம் காத்திருந்து, “நான் எப்பவுமே சொல்லிட்டு வந்திருக்கேன்,” என்று ஆரம்பித்தார். அடுப்பில் என் அவரைக் குழம்பு கரிந்துகொண்டிருந்தது. ஏழாவதும் ஜெயித்தார்கள். கடைசியில், டிசம்பர் பதினேழு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஓர் ஆட்டம் மீதி. எதிரே, ஏற்கனவே வெளியேறி ஊருக்குப் போகப் பெட்டி கட்டிவிட்ட அணி. ஜெயித்தால் நான்காவது இடம். ஜனவரி. எவாரிஸ்தோ வேண்டாம் என்பார். கோயில் வேறு ஜோடிக்கு.

அன்று மதியம் யொகாய்ரா அல்தக்ராசியா மாதாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, தெரியும். எவாரிஸ்தோவுக்குத் தெரியாது. அவளுடைய தலையைத் தடவிக்கொடுத்து, “நீ வேண்டிக்கிட்டா மாதா தட்ட மாட்டா,” என்றார். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. ஹோவான்ட்ரி ஐந்து இன்னிங்ஸ் எறிந்து, ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல், எழுதிக்கொடுத்தபடி தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மூன்று ஓட்டம் நாங்கள் முன்னால். அடுத்து வந்தவன் ஏழாவதில் ஒன்று கொடுத்தான், எட்டாவதில் ஒன்று கொடுத்தான். மூன்றுக்கு இரண்டு. ஒன்பதாவதில் நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். எவாரிஸ்தோ நாற்காலியை அரைவட்டமும் திருப்பி, தொலைக்காட்சிக்கு நேராகவே உட்கார்ந்திருந்தார். யொகாய்ரா சோபாவின் ஓரத்தில், கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாருக்கோ ஊசி போடுவதைப் பார்ப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருவன் அவுட்டானால் முடிந்தது. ஆனால் எங்கள் பந்தெறிபவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. பந்துகளைக் குறி தவறி எறிந்து, வரிசையாக இரண்டு பேரை அடிக்காமலே சும்மா முதல் தளத்துக்கு நடந்துபோக விட்டான்.

“எடுடா அவனை.”

சொன்னது எவாரிஸ்தோ இல்லை. யொகாய்ரா எழுந்து நின்றிருந்தாள்.

“எடுடா அவனை வெளிய. கை தொங்குது, கண்ணு தெரியலையா? அப்பா, இந்த மேனேஜர் என்ன தூங்கறானா?”

“தூங்கறான்மா. மூணு வருஷமாத் தூங்கறான்.”

மேனேஜர் எழுந்திருக்கவில்லை. அடுத்தவன் பந்தை வானத்துக்கு அடித்தான். சுலபமான பந்து, மாமரத்தடியில் நின்றால் மடியில் விழும் மாங்காய் மாதிரி. எங்கள் ஆட்டக்காரர்கள் இருவர் அதன் கீழே ஓடிவந்தார்கள். நீ பிடி என்று இவன் நின்றான், நீ பிடி என்று அவன் நின்றான். இருவருக்கும் நடுவில், மரியாதையாக, பந்து தரையில் விழுந்தது. இரண்டு பேர் ஓடி முடித்தார்கள். மூன்றுக்கு நான்கு. எங்கள் முறை வந்தபோது மூன்று மட்டைகளும் காற்றைத்தான் அடித்தன.

வீட்டில் மேசைவிரிப்பு கருகும் வாசனை வந்தது. நான் பெட்டியைத் தூக்கினேன். யொகாய்ரா அழுதுகொண்டிருந்தாள்.

அவள் காதருகே போய், “கேட்டது கிடைச்சிடுச்சுதானே? அப்புறம் என்ன?” என்றேன்.

“கேட்டேன்தான்.” மூக்கை உறிஞ்சினாள். “அதுக்குன்னு இப்படியா தோக்கணும்? ரெண்டு பேர் நின்னுக்கிட்டு? கேவலமா இல்ல?”

எவாரிஸ்தோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்த நேரத்தில் இருந்ததை நான் முதலில் துக்கம் என்று நினைத்தேன். இல்லை. சிறிய வயதில் அவள் முதல் தடவையாகத் தானாகச் சைக்கிள் ஓட்டிய அன்று இதே முகத்தைப் பார்த்திருக்கிறேன். எழுந்துபோய்ப் போனை எடுத்தார்.

“பாதர் பெனீனோ? எவாரிஸ்தோ பேசறேன். இருபதாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி. எழுதிக்கோங்க.” அந்தப் பக்கம் பாதிரியார் ஏதோ கேட்டார். “ஆமா பாதர், நானும் பாத்தேன். ரெண்டு பேரும் நின்னானுங்க.”

இத்துடன் கல்யாண ஏற்பாடு ஒழுங்காக நடந்து முடிந்தது என்று சொல்லி நான் நிறுத்திவிடலாம். ஆனால் வாஸ்காரின் அப்பா திர்ஸோவை, ஊர் மரியாதையில் தோன் திர்ஸோவை, உங்களுக்கு இன்னும் அறிமுகப்படுத்தவில்லை. மலையடிவாரத்து ஊர்க்காரர். காப்பித் தோட்டம். பரம்பரையாகக் கீரிகள் அணியின் ரசிகர். கீரிகள் என்றால் கடந்த பதினோரு வருடத்தில் ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி. கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, போன் செய்தார். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். எவாரிஸ்தோ எனக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சம்பந்தி, சௌக்கியமா?”

“நாளைக்குப் பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கவன் எப்படி இருப்பேன், தோன் திர்ஸோ? சொல்லுங்க.”

“அதைப் பத்தித்தான். அஞ்சு மணிங்கறதை ஒரு மணியா மாத்த முடியுமான்னு வீட்டுல ஒரு யோசனை. இல்லன்னா ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை மாதா திருநாள். பாதருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு மணிக்கு நாளைக்கே ரெண்டு ஞானஸ்நானம் இருக்காம். ஏன், அஞ்சு மணிக்கு என்ன?”

“அது வந்து... ஃபைனல் மூணுக்கு மூணுன்னு நிக்குது. ஏழாவது ஆட்டம் நாளைக்கு அஞ்சு மணிக்கு வெச்சுட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆட்டம் பாக்கறதையே விட்டுட்டேன்.”

நான் கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தேன்.

“எங்க பக்கத்துல நாப்பது பேர் வர்றாங்க சம்பந்தி. எல்லாரும் ஒரு மாதிரி இருக்காங்க.”

“தோன் திர்ஸோ,” என்றார் எவாரிஸ்தோ. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெனீனோ பாதிரியார்கூட ஈஸ்டருக்குத்தான் அப்படிப் பேசுவார். “உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. பிள்ளைங்க வாழ்க்கையில ஒரே ஒரு நாள். அதுக்குக் குறுக்க ஒரு பந்தும் மட்டையும் வரலாமா? நாளைக்கு அவங்க பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லுவாங்க? தாத்தா ஆட்டம் பாக்கப் போயிட்டாருன்னா? எனக்கும் ஒரு காலத்துல இந்தப் பைத்தியம் இருந்துச்சு. மனுஷனுக்கு எது முக்கியம்னு ஒரு வயசுக்கு மேல தெரியணும்.”

தோன் திர்ஸோ, “நீங்க சொல்றதுதான் சரி சம்பந்தி. மன்னிச்சுக்கோங்க,” என்றார்.

போனை வைத்துவிட்டு எவாரிஸ்தோ என்னைப் பார்த்தார். நான் தட்டை மறுபடி கழுவ எடுத்தேன். பதினோரு வருடமாக எதிலும் ஜெயிக்காத மனிதர், அனுபவிக்கட்டும்.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. எவாரிஸ்தோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் நடுவழியில் நடந்தார். நடந்தாரா? நகர்ந்தார். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தலையசைத்து, கீரிக்காரர்கள் நாற்பது பேர் இருந்த பக்கம் வந்ததும் இன்னும் நிதானமாகி, யொகாய்ராவின் முக்காட்டை ஒருமுறை சரிசெய்து, அதன் பிறகு அடுத்த அடி வைத்தார். தோன் திர்ஸோவின் இடது காதில் சிறிய ஒயர் ஒன்று தொங்கியது. வலது காதால் திருமண வாக்குறுதியைக் கேட்டார். விருந்தில் கோழியும் சோறும் பரிமாறும்போது தெருவெல்லாம் கார் ஹாரன்கள் அலறின. கீரிகள் ஜெயித்துவிட்டார்கள். தான் பிறந்ததிலிருந்து நேரில் பார்க்காமல் விட்ட முதல் கோப்பை இதுதான் என்று தோன் திர்ஸோ கைக்குட்டையை எடுத்தார். எவாரிஸ்தோ அவர் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப்போய், ஒரு மணி நேரம் ஆறுதல் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முகத்தில் இருந்த கருணையை ஓவியமாக வரைந்து மாட்டலாம்.

இரவு உணவு முடிந்து புதுமணத் தம்பதி எங்களோடு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாஸ்காருக்கு ஆறு நாளில் கப்பல், தேனிலவுக்கு நேரமில்லை.

“அடுத்த தடவை சரியாப் போயிட்டு வரலாம்,” என்றான் அவன். “இப்பவே சொல்லி வெச்சா மறுபடியும் ஜனவரில ரெண்டு வாரம் லீவு தருவாங்க. சமானா போகலாம். திமிங்கிலம் பாக்கலாம்.”

எவாரிஸ்தோ வாயைத் திறந்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மூடிக்கொண்டார்.

யொகாய்ரா கேக்கை முள்கரண்டியால் இரண்டாக வெட்டினாள். பிறகு நான்காக வெட்டினாள்.

“ஜனவரியா?” என்றாள். “பிப்ரவரிக்குக் கேட்டுப் பாரேன், வாஸ்கார்.”

நான் என் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவார் என்று பயம்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு பேஸ்பால் தெரியாது, சீலாக்களும் கீரிகளும் யாரோ எவரோ. சரி. ஆனால், ‘இதோடு போதும், இனி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று கடைசியாக எதைப் பற்றி, யார் காதில் விழும்படி சொன்னீர்கள்? ஓட்டுப் போட்டுப் போட்டு ஏமாந்த கட்சியைப் பற்றியா? திருந்தவே மாட்டான் என்று தலைமுழுகிய தம்பியைப் பற்றியா? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். இந்த வாரம் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் யாருக்கும் சொல்லாமல் காலியாக வைத்திருக்கும் அந்த ஒரு தேதியைக் கேட்கட்டும். அப்போது உங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பவர் கையில் கரண்டியோடு அப்படியே நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார் பாருங்கள், நீங்கள் அதை இன்னும் விடவில்லை என்பது அவருக்கு எத்தனை வருடமாகத் தெரியும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.